கிழங்கானில் ஒரு ழகரம்: கலைஞரிடம் பாடம் கேட்கும் இயந்திரங்கள்

கோவை உக்கடத்தில் அரை மணி நேரம் நடந்தால் போதும், சுவர் எழுத்தின் வரலாறு முழுவதையும் பார்த்துவிடலாம். குடியிருப்புச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் ஏற்பாட்டில் ஓவியர்கள் வரைந்த மாடியளவு படங்கள் இருக்கின்றன. மேம்பாலத் தூண்களை ஒட்டிய கடைகளின் தலைக்கு மேல் ஃப்ளெக்ஸ் பேனர்கள். லாரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் உள்ளே போனால், எனாமல் பெயிண்டில் கையால் எழுதிய பலகைகள் சில, ஓரம் உரிந்தபடி இன்னும் தொங்குகின்றன. போன வருடம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு பேக்கரித் திறப்பு விழா பேனரில், எந்த ஊரிலும் இல்லாத ஒரு கோபுரத்தின் முன்னால், யார் வீட்டுப் பிள்ளையும் இல்லாத ஒரு குழந்தை கையில் பன்னோடு சிரித்துக்கொண்டிருந்தது. கணினியில் ஒரு வரி தட்டி வாங்கிய படம் அது.

அந்த பேனரைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கட்டுரை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரம் கலைஞரின் வேலையைப் பறிக்குமா, உதவுமா என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்? அது தப்பாகச் செய்தால் “இப்படி இல்லை, இப்படி” என்று கலைஞர் அதன் கையைப் பிடித்துத் திருத்த முடியுமா? திருத்தினால் பலன் எப்போது தெரியும்? இயந்திரத்துக்குக் கலை கற்றுத்தரும் துறையின் ஐம்பதாண்டுக் கதையை இந்தக் கேள்விகளோடு படித்தால், எது கலைக்கு உதவியது, எது உதவவில்லை என்பது ஓரளவு தெளிவாகிறது.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு பழைய உதாரணம் தறியில் இருக்கிறது. சிறுமுகைப் பட்டுச் சேலையின் பூவும் கொடியும் ஜக்கார்டு பெட்டியில் ஏறும் துளையட்டைகளிலிருந்து பிறப்பவை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போகும், அந்தப் பாவு இழை தூக்கும், நாடா அடியில் ஓடும். 1804-இல் பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் துளையட்டை வைத்தார். அந்தப் பொறியைப் பற்றி 1843-இல் எழுதிய ஏடா லவ்லேஸ், தறி பூவை நெய்வதுபோல் இது இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்றார். ஒருநாள் இசையும் அமைக்கலாம் என்று எழுதிவைத்தார். ஆக கணினிக்கும் கலைக்கும் உள்ள உறவு தறியில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் தறிக்காரர் அட்டைக்குப் பாடம் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிந்த டிசைன் நூலில் வரும்போது மங்கிவிட்டால், டிசைன் போட்டவரிடம் திரும்பப் போக வேண்டும், அட்டை மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி பெட்டியில் ஏற்ற வேண்டும். திருத்தத்துக்கும் பலனுக்கும் நடுவே நாட்கள் கிடக்கின்றன.

வாசலில் கோலம் போடுகிறவருக்கு அந்தத் தூரமே இல்லை. கம்பி தப்பாக வளைந்தால் பெருவிரலால் அழித்துவிட்டு அடுத்த நொடியே திருப்பிப் போடுவார். அந்தக் கோலத்தைத்தான் தமிழ்நாட்டுக் கணிதக்காரர்கள் கணினிக்குள் கொண்டுபோனார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். மொழிக்கு வாக்கிய விதிகள் இருப்பதுபோல் புள்ளியும் கம்பியும் சேரும் விதிகளை வரையறுத்து, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்று காட்டினார்கள். கணினிப் பட இலக்கணம் என்ற துறையில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் வேலை அது. கிஃப்ட் சிரோமணி விதியோடு நின்றுவிடவில்லை. பெண்கள் கோலத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்றும் ஆராய்ந்தார்.

விதி எழுதும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. கலிஃபோர்னியாவில் குடியேறிய பிரிட்டிஷ் ஓவியர் ஹெரால்டு கோஹன் 1970-களில் தொடங்கி 2016-இல் இறக்கும் வரை ‘ஆரன்’ என்ற படம் வரையும் நிரலை எழுதிக்கொண்டே இருந்தார். தான் வரையும்போது என்ன முடிவெடுக்கிறோம் என்பதை வரிவரியாக விதியாக்கினார். அது வரைந்த படங்கள் அருங்காட்சியகங்களில் தொங்கின. ஆனால் ஆரனுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லித்தர நிரல் எழுதத் தெரிய வேண்டும். கோஹன் ஓவியரும் நிரலாளருமாக இருந்தார், செய்ய முடிந்தது. நம் அத்தை கம்பிக் கோலத்தை எப்படி வளைக்கிறோம் என்று விதியாகச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வார்? “பாரு, இப்படித்தான்” என்று போட்டுக் காட்டுவார். கைவேலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள், போட்டுக் காட்டி.

போட்டுக் காட்டினால் புரிந்துகொள்ளும் இயந்திரம் வந்த கதை இனிமேல்.

1991-இல் கணினிக் கலைஞர் கார்ல் சிம்ஸ் ஒரு முறையை முன்வைத்தார். கணினி திரையில் பல படங்களைக் காட்டும். பார்ப்பவர் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். அதன் ‘பிள்ளைகள்’ அடுத்த திரையில் வரும். 1993-இல் பாரிஸின் பாம்பிடூ மையத்தில் இதைக் காட்சிக்கு வைத்தபோது, பார்வையாளர்கள் பிடித்த திரைக்கு முன்னால் போய் நின்றே தேர்ந்தெடுத்தார்கள். கண்ணால் பார்த்து ‘இது வேண்டும்’ என்று சொல்வதே பாடம் நடத்துவதாகிவிட்டது. ஆனால் தேர்ந்தெடுக்கலாமே தவிர, இல்லாததைக் காட்டித்தர வழியில்லை.

2003-இல் ஜெர்ரி ஃபெய்ல்ஸ், டான் ஓல்சன் இருவரும் எழுதிய ஆய்வில்தான் ‘ஊடாடும் இயந்திரக் கற்றல்’ என்ற பெயர் நிலைபெற்றது. அவர்களுடைய கருவியின் பெயர் ‘கிரேயான்ஸ்’. காமிராப் படத்தில் எது கையின் தோல், எது பின்னணி என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். வழக்கப்படி ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பெயரொட்டி, மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பிறகு சரிபார்ப்பார்கள். கிரேயான்ஸில் குழந்தை படத்துக்கு வண்ணம் தீட்டுவதுபோல் கையின் மேல் ஒரு நிறம், பின்னணி மேல் ஒரு நிறம் தீற்றினால் போதும். சற்று நேரத்தில் அது புரிந்துகொண்டதைத் திரையில் காட்டும். மேசையைக் கை என்று நினைத்திருந்தால், மேசையின் மேல் இன்னொரு தீற்றல். கோலக்காரர் அழித்துப் போடும் வேகத்துக்கு இயந்திரம் அன்று அருகில் வந்தது.

இதைக் கலைக்குள் கொண்டுவந்தவர் ரெபெக்கா ஃபீப்ரிங்க். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, 2009-இல் ‘வெக்கினேட்டர்’ என்ற இலவசக் கருவியைச் செய்தார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘வெக்கா’ என்ற மென்பொருள்மேல் கட்டியது என்பதால் அந்தப் பெயர். வெக்கா என்பது அந்த நாட்டுப் பறவை. வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கம் உள்ளே வருவது: காமிராவில் தெரியும் கை, போனின் சாய்வு, மைக்கின் ஒலி, எதுவும். மறுபக்கம் வெளியே போவது: ஒலியின் சுருதி, விளக்கின் நிறம், கோட்டின் தடிமன், எதுவும். நடுவே இணைக்கும் விதியை எழுத வேண்டாம். “கை இங்கே இருக்கும்போது ஒலி இப்படி” என்று நாலு இடத்தில் காட்டிவிட்டுப் பயிற்சிப் பொத்தானை அழுத்தினால், இடைப்பட்ட இடங்களை அதுவே நிரப்பிக்கொள்ளும். பிடிக்கவில்லையா, இன்னொரு எடுத்துக்காட்டு. முற்றிலும் பிடிக்கவில்லையா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து.

ஃபீப்ரிங்க் இதைப் பிரின்ஸ்டனின் இசையமைப்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் லேப்டாப் வாத்தியக் குழுவும் மேடையில் பயன்படுத்தியது. கண்டறிந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: அவர்கள் துல்லியத்தைத் தேடவில்லை. பொறியாளருக்கு எடுத்துக்காட்டு என்பது உண்மை, இயந்திரம் அதற்கு ஒத்துவர வேண்டும். இசைக்காரருக்கு எடுத்துக்காட்டு என்பது பேசும் மொழி. இயந்திரம் தப்பாகப் புரிந்துகொண்டு எழுப்பிய ஒலி சில நேரம் அவர்கள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. உடனே நோக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். உடம்பால் சொல்லித்தர முடிந்ததும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. நிரலில் எண்ணாக எழுதியிருந்தால் தோன்றாத ஒலிகள் கையை வீசிக் காட்டியபோது தோன்றின. லெட்டிஷியா சொனாமி என்ற இசைக் கலைஞர் கம்பிச்சுருள்கள் பொருத்திய தன் ‘ஸ்ப்ரிங் ஸ்பையர்’ வாத்தியத்துக்கு வெக்கினேட்டரைக்கொண்டே பாடம் சொல்லியிருக்கிறார். சுருளை நீவினால் என்ன, சுண்டினால் என்ன என்று வாத்தியத்துக்கே கற்றுக்கொடுத்து வாசிக்கிறார்.

இன்னொரு பயனை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2015-இல் சைமன் கட்டன், மிக் கிரியர்சன், ஃபீப்ரிங்க் மூவரும் மாற்றுத்திறனாளிகளோடு நடத்திய பட்டறைகளைப் பற்றி எழுதினார்கள். வாத்தியம் என்றால் பத்து விரலும் இரண்டு கையும் இருக்கும் உடம்பை நினைத்துத்தான் செய்கிறார்கள். ஒருவரால் தலையை மட்டும் அசைக்க முடியும், இன்னொருவரால் முழங்கையை மட்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் தனி வாத்தியம் செய்ய யாருக்குக் கட்டுப்படியாகும்? இங்கே அந்த அசைவையே எடுத்துக்காட்டாகக் கொடுத்து, அவர் உடம்புக்கு ஏற்ற வாத்தியத்தை அவர் எதிரிலேயே செய்து, அங்கேயே திருத்தலாம். இந்தத் துறை வேறெதையும் சாதிக்காவிட்டாலும் இது ஒன்றுக்காகவே இருக்க வேண்டும் என்பேன்.

படித்ததோடு விட மனம் வரவில்லை. உக்கடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு போர்டு எழுதுகிறவர் இருக்கிறார். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். டவுன்ஹால் கடைவீதிப் பலகைகளில் ஒரு காலத்தில் அவர் கை நிறையத் தெரியும். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைந்தது. இப்போது லாரி எண் பலகை, மீன் கடைப் பலகை என்று வந்ததை எழுதுகிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன்.

தூரிகைக் காம்பில் பச்சை டேப் ஒட்டினோம். காமிரா அந்தப் பச்சையைப் பின்தொடரும். அது இருக்கும் இடமும் போகும் வேகமும் எண்ணாக வெக்கினேட்டருக்குள் போகும். வெளியே திரையில் ஒரு கோடு, அதன் தடிமனும் சாய்வும் இயந்திரம் சொல்கிறபடி. பாய் வெறும் பலகையின் மேல் பெயிண்ட் தொடாத தூரிகையை ஓட்டினார். நான் “இங்கே தடிமன் எவ்வளவு இருக்கணுங்க பாய்?” என்று கேட்டுக் கேட்டு எடுத்துக்காட்டுகளைப் பதிந்தேன். முதல் முறை ஏழெட்டு. பயிற்சி முடிய நாலைந்து விநாடி. எழுதச் சொன்னேன்.

ககரமும் மகரமும் சுமாராக வந்தன. ழகரம் வரவில்லை. அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுழிய வேண்டிய வால், கம்பி மாதிரி ஒரே தடிமனில் தொங்கியது. பாய்க்கு அது பொறுக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி மறுபடி அந்த வாலை மட்டும் காற்றில் எழுதினார். பிறகு மெதுவாக எழுதினார். பிறகு கையை நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வளைவுக்கு முன்னாடி ஒரு நிமிசம் வேகத்தக் குறைக்கறேன் தம்பி. பிரஷ் அங்கதான் விரியுது. நாப்பது வருசமா கை தானாப் பண்ணிட்டு இருந்திருக்குது, எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

இயந்திரத்துக்கு அதைச் சொல்லித்தந்தோம்: வேகம் குறையும் இடத்தில் தடிமன் கூட வேண்டும். மூன்று எடுத்துக்காட்டு சேர்த்ததும் வால் விரிந்தது. அவர் முகமும் விரிந்தது. நடுவே ஒரு தவறும் நடந்தது. பழக்கதோஷத்தில் அவர் தூரிகையைத் துணியில் துடைக்க ஓரமாகக் கொண்டுபோனபோது நான் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். அதையும் இயந்திரம் பாடமாக எடுத்துக்கொண்டது. அதன்பிறகு கோட்டின் முடிவில் கை வெளியே போகும்போதெல்லாம் வால் இரண்டாகப் பிளந்து அகலமாக முடிந்தது. அழித்துவிடவா என்று கேட்டேன். “இருங்க இருங்க” என்றார். அந்த வாரம் அவருக்கு லாரிப்பேட்டையில் ஒரு மீன் கடைப் பலகை இருந்தது. வஞ்சிரம், பாறை, கிழங்கான் என்று மீன் பேரெல்லாம் எழுத வேண்டும். கிழங்கானின் ழகரத்துக்கு மீன் வால் வைத்தார், கையால், எனாமலில்.

பிரின்ஸ்டன் இசையமைப்பாளர்களிடம் ஃபீப்ரிங்க் கண்டது அதுதான் என்று அப்போது எனக்குப் பட்டது. சொல்லித்தருகிறவருக்குத் தன் கையே புதிதாகத் தெரிகிறது. தப்பு நடந்தால் அது அவர் கண்ணெதிரே நடக்கிறது. வைத்துக்கொள்வதும் அழிப்பதும் அவர் முடிவு. குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க ஆகிப் பத்தெழுத்துத்தான் தேறியது. மாலை வெயில் ஜன்னல் வழியே மாறியதும் காமிரா பச்சையைத் தொலைத்துவிட்டது. திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். நான் பக்கத்தில் இல்லாமல் பாய் ஒரு பொத்தானும் அழுத்தியிருக்க முடியாது. சொல்லித்தருவது அவர், ஆனால் மொழிபெயர்க்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ 2017-இல் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள்கூட பிரவுசரில், காமிரா முன்னால் கையசைத்து இயந்திரத்துக்குப் பாடம் எடுக்க முடிந்தது. அந்த எளிமை தமிழில், கைவேலைக்காரருக்கு எட்டும் இடத்துக்கு வர வேண்டும்.

நம் இசையில் இந்த வழி நன்றாகவே வேர்பிடித்திருக்கிறது. சவியர் செர்ரா தலைமையில் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டம், மேற்கத்திய இசையை மட்டும் அளவுகோலாக வைக்காமல் கர்நாடக இசை உட்பட ஐந்து மரபுகளை அவற்றின் சொந்த இலக்கணத்தோடு கணினிக்குக் கற்றுத்தர முயன்றது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கெடுத்தது. மிருதங்கக் கலைஞர் அக்ஷய் அனந்தபத்மநாபன் அந்தக் குழுவோடு சேர்ந்து மிருதங்கச் சொற்களைக் கணினி அடையாளம் காணும் ஆய்வைச் செய்தார். அதற்கான தொகுப்பில் ஆறு வெவ்வேறு சுருதிகளில், பத்து வகைச் சொற்களாக, 7,162 ஒலிப்பதிவுகள் உள்ளன. வாசித்தவர் தொழில்முறைக் கலைஞர். நம்ம ஊர்ச் சொல் எது, எங்கே இடப்பக்கத் தொப்பி சேர்கிறது என்று தெரிந்த கை கொடுத்த பாடம் அது. அஜய் கபூர் சித்தாரில் உணரிகள் பொருத்திச் செய்த ‘ஈசித்தார்’ இன்னொரு வழி. வாசிப்பவரின் பெருவிரல் அழுத்தமும் தலையசைவும் கணினிக்குச் செய்தியாகப் போகும்.

சினிமாவுக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. கோவைக்காரர்களுக்கு இதில் பேச உரிமை உண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊரூராகப் படம் காட்டியவர். உக்கடத்துக்குப் பக்கத்திலேயே வெரைட்டி ஹால் ரோடு இன்றும் அவர் தியேட்டர் பேரைச் சுமக்கிறது. இன்றைய சினிமாவில், 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, உரிய ஊதியம் கொடுத்துச் செய்ததாக அறிவித்தார். அதே மாதம் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் அதே வழியில், அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா இசையில் ‘கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் ஒலித்தது. அக்கா தம்பி உறவுக்குள் நடந்த காரியம், கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பொதுவாக இந்தத் தொழில்நுட்பத்தில் உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் பாட வேண்டும். குரலின் நிறம் மட்டும் மாறும். உணர்ச்சி அந்தப் பாடகருடையது. இதை ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மறைந்தவர் இயந்திரத்தைத் திருத்த வர மாட்டார் என்பதால், அவருக்காகத் திருத்துகிறவர் யார் என்பதும் பாட்டோடு அறியப்பட வேண்டும்.

மறுபக்கத்தில் 2025 ஆகஸ்டில் நடந்தது இருக்கிறது. தனுஷ் நடித்து 2013-இல் வந்த ‘அம்பிகாபதி’யைத் தயாரிப்பு நிறுவனம் மறுபடி வெளியிட்டபோது, சோக முடிவை எடுத்துவிட்டுச் செயற்கை நுண்ணறிவால் செய்த மகிழ்ச்சி முடிவை ஒட்டியது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், படத்தின் ஆன்மாவையே இது எடுத்துவிட்டது என்ற வருத்தத்தைத் தனுஷும் வெளியிட்டார். அங்கே இயந்திரம் திறமையாகவே வேலை செய்திருக்கலாம். படம் எடுத்தவர்கள் அதன் அருகில் இல்லை.

இப்போது பெரும்பாலோர் செயற்கை நுண்ணறிவு என்று சொல்வது, வரி எழுதினால் படம் தரும் பெரிய கருவிகளை. அவற்றில் ஒன்றிடம் நான் வள்ளி கும்மிப் படம் கேட்டேன். கொங்கு நாட்டில் கும்மி பார்க்காதவர்கள் குறைவு. வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைத்தட்டும் காலடியும் பாட்டோடு ஒன்றாக விழ வேண்டும். காரமடைப் பக்கம் தாசம்பாளையத்துப் பத்ரப்பன் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லித்தந்து, பெண்களையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்து, 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். எனக்கு வந்த படத்தில் பெண்கள் கையில் கோல் வைத்திருந்தார்கள், பாவாடை வட இந்தியப் பாவாடை. கோல் வேண்டாம் என்று எழுதினேன்; கோல் போய் விளக்கு வந்தது. ஐந்தாறு முறை எழுதி விட்டுவிட்டேன். அதனிடம் என்னால் கேட்க மட்டுமே முடிந்தது, ஆடிக் காட்ட முடியவில்லை. கும்மி தெரிந்த ஒரு வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் அதே கதிதான். யாரோ, எங்கோ, கோடிக்கணக்கான படங்களுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒட்டும் கூலி வேலையில் நம் நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் கும்மியைக் கும்மி என்று சொல்லித்தர அங்கே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பெரிய கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படைக்கும் இயந்திரங்களைத் தங்கள் எடுத்துக்காட்டுகளால் வளைத்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் கலைஞர் அன்னா ரிட்லர் 2018-இல் ‘மிரியட்’ என்ற படைப்புக்காகப் பத்தாயிரம் துலிப் பூக்களைத் தானே படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையெழுத்தில் குறிப்பு எழுதி, அந்தத் தொகுப்பையே சுவரில் காட்சியாக வைத்தார். பிறகு அதிலிருந்துதான் இயந்திரத்துக்குப் பூ வரையக் கற்றுக்கொடுத்தார். ஹாலி ஹெர்ன்டன் என்ற பாடகி தன் குழுவினரின் குரல்களால் ‘ஸ்பான்’ என்ற இயந்திரத்தைப் பழக்கி, 2019-இல் ‘புரோட்டோ’ ஆல்பத்தில் அதையும் ஒரு பாடகராகச் சேர்த்துக்கொண்டார். ரிட்லரின் படைப்பு வந்த 2018-இலேயே டெல்லி நேச்சர் மோர்ட் கூடத்தில் நடந்த ‘கிரேடியன்ட் டிசென்ட்’ கண்காட்சி, ஹர்ஷித் அகர்வால் முதலானோர் இயந்திரத்தோடு செய்த படங்களை இந்தியப் பார்வையாளர்முன் வைத்தது. இவர்களில் ரிட்லரின் வேலையே என் மனதுக்கு மிக நெருக்கம். பத்தாயிரம் பூவைக் கையால் எழுதிய பிறகு, இயந்திரம் என்ன வரைந்தாலும் அதில் அவர் கண் இருக்கிறது.

கொங்கு நாட்டில் இப்படிப் பாடமாகக்கூடிய செல்வம் குவிந்து கிடக்கிறது. அண்ணன்மார் கதையைக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அது 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் வளர்ந்தது. உடுக்கை அடிக்கும் கை, பெருஞ்சலங்கை ஆட்டத்தின் காலடி, பவானி ஜமக்காளத்தின் பட்டை, நெகமம் சேலையின் கட்டம் எல்லாமே இயந்திரத்துக்கு எடுத்துக்காட்டாகப் போகக்கூடியவை. சில ஏற்கெனவே நம்மைக் கேட்காமல் போயும் இருக்கும். என் விருப்பம் இது. பதிவு யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரரும் நெசவாளரும் தீர்மானிக்கட்டும். கருவி சின்னதாக, அவர்கள் வீட்டு லேப்டாப்பிலோ போனிலோ ஓடட்டும். அதன் திரை தமிழில் பேசட்டும். கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு கும்மிக் குழுவோடும் தறிக்கூடத்தோடும் ஓர் ஆண்டு உட்கார்ந்தால், இந்தக் கட்டுரையில் நான் சொன்ன குறைகளில் பாதி தீரும். காமிரா வெயிலில் பச்சையைத் தொலைப்பது ஒன்றும் தீராத வியாதி இல்லை.

போன மாதம் பாயைப் பார்க்கப் போயிருந்தேன். கிழங்கான் பலகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரும் அதேபோல வால் வைத்து எழுதச் சொன்னாராம். பெயிண்ட் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கு அந்தப் பெட்டிக்குள்ள என் கைய எழுதி வெச்சீங்கல்ல தம்பி, அது எங்க இருக்குது?”

லேப்டாப்பில் இருக்கிறது என்றேன்.

“ஒரு பென் டிரைவ்ல போட்டு எங்கிட்டக் கொடுத்துருங்க. உங்க கிட்ட இருக்கறத அழிச்சிருங்க.”

அவர் சொன்னபடியே செய்தேன். பென் டிரைவை வாங்கி, தூரிகைகள் வைக்கும் தகர டப்பாவுக்குள், துணி சுற்றிப் போட்டுக்கொண்டார்.